கடிதத்தைக் கொண்டுபோகிறவர்: இறையியல் படிப்பும் இணையத்துச் சபையும்

இறையியல் படிக்கப் போனால் விசுவாசம் போய்விடும் என்ற பயம் இன்று நேற்று முளைத்ததல்ல. 1882இல் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் யூலியுஸ் வெல்ஹவுசன் தம் இறையியல் பேராசிரியர் பதவியைத் தாமாகவே விட்டு விலகினார். மோசேயின் ஐந்து நூல்களும் ஒரே கையால் எழுதப்பட்டவை அல்ல, வெவ்வேறு காலத்து மூலங்களின் தொகுப்பு என்பதை விரிவாக வாதிட்டு, நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சபை ஊழியத்துக்கு மாணவர்களைத் தயார்ப்படுத்த வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அதற்கு அவர்களைத் தகுதியற்றவர்களாக்குகிறோமே என்று மனச்சாட்சி உறுத்துவதாக அமைச்சருக்கு எழுதினார். பிறகு ஹாலே நகரில் செமிட்டிய மொழிகளைக் கற்பிக்கப் போய்விட்டார்.

வகுப்பில் கற்றதைச் சபையில் எப்படிச் சொல்வது? வெல்ஹவுசன் இதற்கு விடை காணவில்லை, நேர்மையாக ஒதுங்கிக்கொண்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் விட்டுப்போன வேலையை யாராவது செய்துதான் ஆக வேண்டும். இன்று அது இணையத்தில் ஓயாமல் நடக்கிறது. செய்கிறவர்களில் பலர் என்னைப் போலப் படிப்பை முடிக்காத மாணவர்கள். அவர்களுக்கு மேற்பார்வையாளர் என்று எவரும் இல்லை.

இந்த இக்கட்டு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இறையியலுக்குத் தனிப் பீடமும் தனி மதிப்பும் இருந்தன. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் டிரென்ட் சங்கம், ஒவ்வொரு மறைமாவட்டமும் குருக்களைப் பயிற்றுவிக்கக் கல்விக்கூடம் அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அதிலிருந்து வளர்ந்த குருமடங்களில் படிப்பும் ஜெபமும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. 1810இல் பெர்லினில் புதிய பல்கலைக்கழகம் தொடங்கியபோதுதான் சிக்கல் கூர்மையானது. சுதந்திரமான ஆய்வையே உயிராகக் கொண்ட ஓரிடத்தில் இறையியலுக்கு என்ன வேலை? அங்கே இறையியல் பீடத்தை அமைத்தவர்களில் முதன்மையானவரான ஃபிரீட்ரிக் ஷ்லையர்மாகர் அடுத்த ஆண்டே விடை எழுதினார். மருத்துவத்தையும் சட்டத்தையும் போல இறையியலும் ஒரு பணிக்காகத் திரட்டப்பட்ட அறிவு என்றார். மொழி ஆராய்ச்சி, வரலாறு, தத்துவம் எல்லாம் அதில் உண்டு. அவற்றைப் பிணைப்பது திருச்சபையை வழிநடத்தும் பொறுப்பு. அந்தப் பொறுப்பை எடுத்துவிட்டால் ஒவ்வொரு பகுதியும் தன் தாய்த்துறைக்குத் திரும்பிவிடும். இறையியல் என்று எதுவும் மிஞ்சாது.

இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தும் இறையியல் மாணவர் நிற்பது அந்த இடத்தில்தான். காலையில் கிரேக்க இலக்கணம், மாலையில் ஆராதனை. காலையில் எந்த முன்முடிவும் இல்லாமல் பிரதியை ஆராய வேண்டும். மாலையில் அதே பிரதியின் முன் தலைகுனிய வேண்டும். இரண்டையும் ஒரே மனம் செய்யவேண்டியிருக்கிறது.

மாற்கு நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். ஓய்வுநாள் கழிந்த விடியற்காலையில் மூன்று பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள். கல் புரட்டப்பட்டிருக்கிறது. வெள்ளை அங்கி தரித்த இளைஞன் ஒருவன், இயேசு உயிர்த்தெழுந்தார், அவரைக் கலிலேயாவில் காண்பீர்கள் என்கிறான். பெண்கள் நடுங்கி ஓடிப்போகிறார்கள். பயத்தினால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் வசனம் அங்கே முடிகிறது. அதன்பின் வரும் பன்னிரண்டு வசனங்களில் உயிர்த்த இயேசு மகதலேனா மரியாளுக்குத் தோன்றுகிறார், சீடர்களை உலகெங்கும் அனுப்புகிறார், பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறார்.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் ஆய்வுப் பதிப்பில் இந்தப் பன்னிரண்டு வசனங்களும் இரட்டைச் சதுர அடைப்புக்குள் அச்சிடப்பட்டிருக்கும். நான்காம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட வத்திக்கான் சுவடியிலும் சீனாய்ச் சுவடியிலும் இவை கிடையாது என்று அடிக்குறிப்பு சொல்லும். வத்திக்கான் சுவடியின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பக்கத்துக்கு மூன்று பத்திகளாக நெருக்கி எழுதிக்கொண்டே போகிற எழுத்தர், மாற்கின் எட்டாம் வசனத்தை இரண்டாம் பத்தியில் முடித்துவிட்டு, மூன்றாம் பத்தி முழுவதையும் வெறுமையாக விட்டிருக்கிறார். வழக்கமாக ஒரு நூல் முடிந்த கையோடு அடுத்த பத்தியிலேயே அடுத்த நூலைத் தொடங்கிவிடுகிறவர் அவர். புதிய ஏற்பாட்டில் இங்கே மட்டும் ஏன் இடம் விட்டார்? வேறொரு முடிவு புழக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியுமா? அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

சிறுவயது முதல் மனப்பாடமாகச் சொல்லிவந்த வசனங்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெற்றுத்தோலைப் பார்க்கும்போது மனம் கலங்கத்தான் செய்யும். அந்தக் கலக்கத்தை இலேசாகப் பேசுகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் படிப்பு அங்கே நின்றுவிடுவதில்லை. சுமார் 180ஆம் ஆண்டில் எழுதிய ஆயர் ஐரேனியு, மாற்கின் முடிவு என்று சொல்லி இதே நீண்ட முடிவிலிருந்து ஒரு வசனத்தை மேற்கோள் காட்டுகிறார். அப்படியானால் இது அந்த இரண்டு சுவடிகளைக் காட்டிலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த திருச்சபை வரலாற்றாசிரியர் எவுசேபியு, துல்லியமான பிரதிகள் எட்டாம் வசனத்தோடு முடிவதாக வெளிப்படையாகவே எழுதினார். பின்னர் வேதத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமும் அதை வழிமொழிந்தார். ஆக, இது நேற்றைய பேராசிரியர்கள் தோண்டி எடுத்த இரகசியமன்று. திருச்சபையின் மூத்தவர்கள் அறிந்தும், அந்த வசனங்களை வாசிப்பதை நிறுத்தவில்லை. உயிர்த்தெழுந்தார் என்ற அறிவிப்போ ஆறாம் வசனத்திலேயே இருக்கிறது. மாற்கு எழுதப்படுவதற்குப் பத்தாண்டுக்கும் முன்னதாகவே பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினைந்தாம் அதிகாரத்திலும் இருக்கிறது.

வகுப்பில் இது பல நாள் பாடம். கலங்க நேரம் உண்டு, கேட்க ஆள் உண்டு, அந்த வாரமே சிற்றாலயத்தில் உட்கார்ந்து மௌனமாக இருக்கவும் இடம் உண்டு. இதே செய்தி இணையத்துக்கு வரும்போது ஒரு படமாகவும் அதன் மேல் ஒரு வரியாகவும் சுருங்கிவிடுகிறது. உயிர்த்தெழுதல் பின்னாளில் ஒட்டவைத்த கதை என்கிறது ஒரு பக்கம். வேதத்தை வெட்டி எறியும் சதி என்கிறது மறுபக்கம். இரண்டும் தவறு. தவறு என்று காட்டவோ எனக்கு இங்கே இரண்டு பத்திகள் தேவைப்பட்டன. இணையத்தில் ஒரு வரிக்கு எதிராக இரண்டு பத்திகளை எழுதி நிற்கிறவர் எப்போதும் தாமதமாக வந்தவராகவே தெரிகிறார்.

1539இல் தம் ஜெர்மன் எழுத்துகளின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் மார்ட்டின் லூதர், இறையியல் கற்கும் முறையென்று மூன்றைச் சொன்னார். ஜெபம், தியானம், சோதனை. 119ஆம் சங்கீதத்திலிருந்து அவற்றை எடுத்ததாகக் குறிப்பிட்டார். முதல் இரண்டையும் எவரும் எதிர்பார்க்கலாம். மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது. உள்ளத்தை அலைக்கழிக்கிற போராட்டம் படிப்புக்கு வெளியே நேரும் விபத்து என்று அவர் நினைக்கவில்லை; படிப்பின் ஒரு பாகம் என்றே வைத்தார். வெற்றுத்தோலைப் பார்த்துக் கலங்கும் மாணவர் பாடத்திட்டத்தைவிட்டு விலகிப்போய்விடவில்லை, அதற்கு நடுவில்தான் இருக்கிறார்.

ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஹெல்முட் தீலிக்கே, இளம் இறையியல் மாணவர்களுக்காக 1959இல் ஒரு சிறிய புத்தகம் வெளியிட்டார். குரல் உடைகிற வயதில் பையன்கள் பாடுவதில்லை. அதுபோல, உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில் இறையியல் மாணவர் பிரசங்கிப்பதில்லை என்று அதில் எழுதினார். கற்றதற்கும் வாழ்ந்து அறிந்ததற்கும் நடுவே இருக்கிற தூரம்தான் அவரை வருத்தியது. வேறொருவர் போராடிக் கண்டடைந்த உண்மையை நூலில் வாசித்துவிட்டு, தானே போராடியதாக நினைத்துக்கொள்வது மாணவப் பருவத்தின் பெரிய அபாயம் என்றார். எளிய விசுவாசிகளின் வேத ஆராய்ச்சிக் கூட்டத்தில் இப்படிப்பட்டவர் வாயைத் திறந்தால் கூட்டம் ஊமையாகிவிடும் என்பது அவர் அனுபவம்.

தீலிக்கேயின் காலத்து மாணவர் மேடை ஏற யாராவது அழைக்க வேண்டியிருந்தது. இன்று அழைப்பு தேவையில்லை. இரண்டாம் பருவத்தில் கற்ற ஒன்றை அன்றிரவே ஆயிரம் பேருக்குச் சொல்லிவிடலாம். சொன்னவுடன் மரியாதையும் வந்துவிடுகிறது; பெயருக்குப் பக்கத்தில் இறையியல் என்று போட்டிருந்தாலே போதும், சாவுவீட்டிலிருந்தும் ஒருவர் கேள்வி அனுப்புகிறார். குழந்தை ஞானஸ்நானம் பெறாமல் இறந்துவிட்டது, அது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குப் பழைய இறையியலாளர்களான அகஸ்டின் என்ன சொன்னார், அக்வினாஸ் என்ன சொன்னார் என்று எழுதத் தெரியும். கேட்டவருக்கு வேண்டியது அதுவல்ல என்று தெரிய வேறொரு பயிற்சி வேண்டும்.

இத்தனை அபாயம் இருந்தும் மாணவர்கள் ஏன் இணையத்துக்கே போகிறார்கள்? காரணம் எளிது, நியாயமானதும்கூட. கல்லூரியில் சந்தேகத்தைக் கேட்கிற ஆசிரியர்தான் மதிப்பெண்ணும் போடுகிறார். குருப்பட்டத்துக்கு ஒருவரைப் பரிந்துரைக்கிற குழுவின் முன், எனக்கு ஜெபம் வரவில்லை என்று சொல்லத் துணிவு வராது. சொந்தச் சபையில் பெரியவர்கள், இவ்வளவு செலவு செய்து அனுப்பினோமே என்று பார்ப்பார்கள். முகம் தெரியாதவர்களிடம் எழுதும்போது அந்தப் பாரம் இல்லை. நள்ளிரவில் எழுதிய இரண்டு வரிக்கு வேறொரு நாட்டிலிருந்து, எனக்கும் இப்படி நடந்தது, கடந்து வந்தேன் என்று பதில் வருவது சிறிய உதவியல்ல. அதை நானும் பெற்றிருக்கிறேன்.

மாணவர்களுக்கு மட்டுமா? படுக்கையைவிட்டு எழ முடியாதவர்கள், இரவுப்பணி செய்கிறவர்கள், விசுவாசத்தை வெளியே சொன்னால் உயிருக்கே ஆபத்து என்ற இடத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இணையம் மட்டுமே சபை. இணையத்தில் மதக்குழுக்களை ஆராய்ந்த ஹெய்டி காம்ப்பெல் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அவர் பழகிப் பார்த்த குழுக்களில் ஒன்று பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சேர்ந்து நடத்தியது. அவர் கண்டது அப்போது பலருக்கு வியப்பளித்தது. இணையக் குழுவில் சேர்ந்தவர்கள் பொதுவாக ஊர்ச்சபையைக் கைவிட்டு வரவில்லை. அங்கே கிடைக்காத நெருக்கத்தையும் பேச்சையும் கூடுதலாகத் தேடியே வந்திருந்தார்கள். இணையம் ஆலயங்களைக் காலி செய்துவிடும் என்று அஞ்சிய காலத்தில் கிடைத்த பதில் இது. அந்த ஆய்வைப் படித்தபோது நான் கேட்டது வேறொன்று: ஊர்ச்சபையில் ஏன் அந்த நெருக்கம் கிடைக்கவில்லை?

தொலைவில் இருந்துகொண்டு சபையாக இருப்பது இணையம் கொண்டுவந்த புதுமை என்றும் சொல்ல முடியாது. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களில் 21 கடிதங்கள். சரீரத்தால் தூரமாயிருந்தாலும் ஆவியால் உங்களோடிருக்கிறேன் என்று பவுல் கொரிந்தியர்களுக்கு எழுதினார். அந்த உரிமையில் ஒரு தீர்ப்பையும் வழங்கினார். அந்த 27 நூல்கள் மட்டும் அடங்கிய பட்டியல் நமக்கு முதன்முதலில் கிடைப்பதே ஒரு சுற்றுக்கடிதத்தில்தான். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முன் எகிப்தின் சபைகளுக்கு எழுதிவந்த கடிதங்களில் ஒன்று அது, ஆண்டு 367. ஐந்து முறை பதவியிலிருந்து துரத்தப்பட்டவர் அவர். எழுத்தின் வழியாக மந்தையைச் சேர்த்துப் பிடிப்பது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நமக்கு நெருங்கிய காலத்தில் ஜெர்மன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் இருக்கிறார். நாஜி அரசுக்குப் பணியாத திருச்சபைப் பிரிவுக்காக ஃபிங்கன்வால்டில் 1935 முதல் அவர் நடத்திய போதகர் பயிற்சிக்கூடத்தைக் காவல்துறை 1937இல் மூடியது. மாணவர்கள் சிதறினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பிறகு பலர் போர்முனைக்குப் போனார்கள். போன்ஹோஃபர் அவர்களுக்குச் சுற்றுக்கடிதங்கள் எழுதினார். அவற்றில் தியானிக்க வேண்டிய வேதப்பகுதிகளும் குறிக்கப்பட்டிருந்தன. எங்கெங்கோ இருந்தவர்கள் ஒரே பகுதியை ஒரே வாரத்தில் தியானித்தார்கள். இதே போன்ஹோஃபர்தான், சக விசுவாசியின் உடல் அருகில் இருப்பது ஈடில்லாத மகிழ்ச்சி, அது கிருபையாகக் கிடைப்பது, உரிமையாகக் கேட்கக்கூடியதல்ல என்று 1939இல் வெளிவந்த நூலில் எழுதினார். நேரில் கூடுவதன் அருமை தெரிந்தவர் தொலைவில் இருந்தவர்களைக் கைவிடவில்லை. இணையச் சபையை ஆதரித்தும் எதிர்த்தும் பேசுகிறவர்கள் அவருடைய இந்த இரண்டு செயலையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

எல்லை எங்கே என்பதிலும் பழைய அனுபவம் உண்டு. எழுத்து மூலமாகப் பாவ அறிக்கை செய்து, தூரத்தில் இருக்கும் குருவிடமிருந்து அப்படியே மன்னிப்பும் பெறலாமா என்ற கேள்வியை ரோமை 1602இலேயே எதிர்கொண்டது. கூடாது என்று திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் காலத்தில் தீர்ப்பாயிற்று. 2002இல் வத்திக்கான் சமூகத் தொடர்புக் குழு இணையத்தைப் பற்றி வெளியிட்ட ஆவணம், ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருளடையாளங்கள் இணையத்தில் இல்லை என்று உறுதியாகச் சொன்னது. அதே ஆவணம் இணையத்தைத் திருச்சபை பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 2004இல் பிரிட்டனில் மெதடிஸ்ட் திருச்சபையின் ஆதரவோடு, சர்ச் ஆஃப் ஃபூல்ஸ் என்ற முப்பரிமாண இணைய ஆலயம் சோதனையாகத் திறக்கப்பட்டது. திரையில் உங்களுக்குரிய உருவம் முழங்காலிடும், கைகளை உயர்த்தும். பக்தியோடு வந்தவர்களோடு, பிரசங்க மேடையில் ஏறி வசைபாட வந்தவர்களும் சேர்ந்துகொண்டதால், அத்தகையோரை வெளியேற்றப் பொறுப்பாளர்கள் காவல் இருக்கவேண்டியதாயிற்று.

புராட்டஸ்டன்ட் சபைகளில் விவாதம் திருவிருந்தைச் சுற்றியே நடந்தது. ஐக்கிய மெதடிஸ்ட் ஆயர்கள் 2013இல் இணையவழித் திருவிருந்தை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். 2020இல் கொள்ளைநோய் ஆலயக் கதவுகளை மூடியதும் அவர்களில் சிலரே தத்தம் பகுதிகளில் அனுமதித்தார்கள். கத்தோலிக்கர், அப்பத்தை உட்கொள்ளாமல் மனத்தில் வேண்டி ஆன்மிக முறையில் நற்கருணை பெறுவதை நாடினார்கள். எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் எல்லாத் தரப்பும் ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் வாதிட்டன: உடலுக்கு உடல் அருகில் இருப்பதால் மட்டுமே நடக்கிற ஏதோ ஒன்று ஆராதனையில் இருக்கிறது. அப்பத்தைக் கையில் வைக்கிற கையைத் திரை தர முடியாது. யோவானின் இரண்டாம் கடிதத்தின் முடிவில், எழுத நிறைய இருந்தும் காகிதமும் மையும் கொண்டு எழுத மனமில்லை, வந்து முகமுகமாய்ப் பேச விரும்புகிறேன் என்று எழுதியவருக்கும் அது தெரிந்திருந்தது.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஓர் ஆள் இருக்கிறார். பவுலின் காலத்தில் கடிதம் தானாக வந்து சேராது. யாராவது எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், கப்பல் ஏற வேண்டும். கொலோசெயர் கடிதத்தின் முடிவில் தீகிக்கு என்ற பெயர் வருகிறது. என் நிலைமையையெல்லாம் அவர் உங்களுக்கு அறிவிப்பார், உங்கள் இருதயங்களைத் தேற்றுவார் என்று எழுதியிருக்கிறது. கடிதத்தில் இல்லாததை வாயால் சொல்லும் பொறுப்பு அவருக்கு. ரோமர் கடிதத்தின் கடைசி அதிகாரத்தில் பெபேயாள் என்ற பெண்ணை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் பரிந்துரைக்கிறார். புதிய ஏற்பாட்டின் மிகக் கடினமான அந்தக் கடிதத்தை ரோமுக்குக் கொண்டுபோனவர் அவரே என்பது அறிஞர்களிடையே பரவலான கருத்து. அங்கே கூடியிருந்தவர்களுக்கு ஏதாவது விளங்காமல் போயிருந்தால் பவுலைக் கேட்க வழியில்லை. பெபேயாளைத்தான் கேட்டிருப்பார்கள்.

தொலைவிலிருந்து வந்த வார்த்தை முகமுள்ள ஓர் ஆளின் கையில் வந்தது. அந்த ஆள் எழுதியவரை அறிந்தவர். கேட்கிறவர்களோடு சாப்பிட்டுத் தங்குகிறவர். இணையத்தில் வார்த்தை மட்டும் வருகிறது, கொண்டுவருகிறவர் இல்லை. மாற்கின் முடிவைப் பற்றிய படம் ஒரு தாயின் கைபேசியில் வந்து விழும்போது அதோடு தீகிக்கு வருவதில்லை. இணையச் சபையைப் பற்றி எத்தனையோ குறைகள் சொல்லப்படுகின்றன. எனக்குப் பெரிதாகத் தெரிவது இது ஒன்றுதான். நிரப்பக்கூடிய குறையும்கூட.

இறையியல் மாணவருக்கு ஏற்ற பணி அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லும் அதிகாரியாக அவர் இருக்க முடியாது. அவர் குரல் இன்னும் உடைந்து முடியவில்லை. ஆனால் கொண்டுபோகிறவராக இருக்கலாம். வகுப்பில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது எப்படிக் கலக்கும் என்பதும் தெரியும், ஏனென்றால் அண்மையில்தான் தாமே கலங்கினார். முப்பது ஆண்டு அனுபவமுள்ள பேராசிரியருக்கு அந்த முதல் கலக்கம் மறந்துபோயிருக்கலாம்.

கொண்டுபோகிறவருக்கு ஓர் ஒழுக்கம் வேண்டும். அதை இடைக்காலப் பள்ளிகளிடமிருந்து கற்கலாம். தாமஸ் அக்வினாஸ் எந்தக் கேள்வியை எடுத்தாலும் முதலில் தமக்கு எதிரான வாதங்களை அடுக்குகிறார். கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியில், உலகில் தீமை இருப்பதால் எல்லையற்ற நன்மையான கடவுள் இருக்க முடியாது என்ற வாதம் முதலாவதாக வருகிறது. அதை மழுப்பாமல் முழு வலுவோடு எழுதுகிறார். தம் விடையைச் சொன்ன பிறகு ஒவ்வொரு எதிர்வாதத்துக்கும் தனித்தனியாகத் திரும்பிவந்து பதில் சொல்கிறார். எதிராளி தன் வாதத்தை அங்கே அடையாளம் கண்டுகொள்வான். இணையத்தில் நாம் பதில் சொல்வது பெரும்பாலும் எதிராளியின் வாதத்தில் மிக நொய்ந்த வரிக்கு. எங்கள் சிறிய இணையக் குழுவில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. கேட்டவரின் கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். ஆம், இதைத்தான் கேட்டேன் என்று அவர் சொன்ன பிறகே பதில் எழுதுங்கள். பேச்சு மெதுவாகிறது. சில வேளைகளில் கேள்வியைத் திருப்பிச் சொன்னதோடு தேவை தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அவருக்கு வேண்டியிருந்தது கேட்க ஓர் ஆள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாராவது ஒருவர் மரணத்தையோ நோயையோ பற்றி எழுதினால், அவர் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நம்மில் யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறோம். அவர் சம்மதித்தால் அந்த ஆள் போய்ப் பார்க்கிறார். யாருமே இல்லையென்றால் தொலைபேசியில் பேசுகிறோம், எழுத்தோடு விட்டுவிடுவதில்லை.

மாணவர்களின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிடக் கூடாது. இறையியல் கல்லூரிகள் இதைப் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும். முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1925இல் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் அமெரிக்காவின் வூஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். கடும் மனநோயால் தாமே மருத்துவமனையில் இருந்து மீண்டவர் அவர். நூல்களைப் படிக்கிற அதே கவனத்தோடு மனிதர்களையும் படிக்க வேண்டும் என்றார். அவர்களை உயிருள்ள ஆவணங்கள் என்று அழைத்தார். அந்த இயக்கத்திலிருந்து வளர்ந்த பயிற்சியில், மாணவர் ஒரு நோயாளியைச் சந்தித்துவிட்டு வந்ததும், அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று பேச்சை வரிக்கு வரி நினைவிலிருந்து எழுதி, மேற்பார்வையாளரிடமும் சக மாணவர்களிடமும் கொண்டுவர வேண்டும். இந்த இடத்தில் ஏன் அவசரமாக வேதவசனத்துக்குத் தாவினாய், அவர் பயத்தைப் பற்றிப் பேச வந்தபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய் என்று கேள்விகள் வரும்.

இணைய உரையாடலுக்கு இதே முறையை அப்படியே பயன்படுத்தலாம். பேச்சு ஏற்கெனவே எழுத்தில் இருப்பதால் நினைவை நம்ப வேண்டியதுமில்லை. எழுதியவரின் சம்மதத்தோடு, பெயரும் அடையாளமும் நீக்கி, வாரம் ஒரு உரையாடலை மாணவர் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். குழந்தையை இழந்தவருக்கு அவர் எழுதிய பதிலை அனுபவமுள்ள போதகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கட்டும். மருத்துவமனை ஊழியத்துக்கு மதிப்பெண் ஒதுக்குகிற கல்லூரி இதற்கும் ஒதுக்கலாம். மாணவர்கள் ஒவ்வோர் இரவும் இந்த வேலையை எப்படியும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.